கொடைக்கானல்ல கூட்டமில்லாத இடம் எங்கண்ணே இருக்கு?

இந்தத் தடவை வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி கொடைக்கானல் பத்திதான். கேட்கற விதம்தான் வேற வேற, எல்லாருக்கும் வேணும்ங்கறது ஒண்ணே ஒண்ணு: ஹாரன் சத்தம் இல்லாம, செல்ஃபி ஸ்டிக் கண்ணுல குத்தாம, கொஞ்ச நேரம் மலையைப் பார்க்கணும். அதனால மத்த ஊர் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

போன மே மாசம் குடும்பத்தோட போய் பில்லர் ராக்ஸ் ரோட்டுல கார்லயே பாதி நாள் போச்சு. இந்தத் தடவை அம்மாவும் வர்றாங்க, 72 வயசு, முட்டி வலி. நடக்காம, கூட்டமும் இல்லாம உட்கார்ந்து பார்க்கற மாதிரி வியூ பாயின்ட் ஏதாவது சொல்லுங்கண்ணே. – ஒரு வாசகி, மதுரை

அக்கா, முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கங்க, கொடைக்கானல்ல கூட்டம் எல்லா இடத்துலயும் எல்லா நேரத்துலயும் இருக்கறதில்ல. டாக்ஸிக்காரர், டூர் வேன், நம்ம காரு எல்லாமே காலைல டிபன் முடிச்சு ஒம்பதரை பத்துக்குக் கிளம்பி மோயர் பாயின்ட், பைன் காடு, குணா குகை, பில்லர் ராக்ஸ்னு ஒரே ரோட்டுல ஒரே வரிசைல போறாங்க, சாயங்காலம் அப்படியே ஏரிக்கு வந்து சேர்றாங்க. நீங்க இதைத் தலைகீழா போட்டா போதும். விடிஞ்சதும் ஏரியைச் சுத்தி வாங்க, சுத்தளவு 5 கிலோமீட்டர் பக்கம் வரும், அம்மாவுக்கு நடக்க முடியலன்னா கார்லயே மெதுவா ஒரு ரவுண்டு. அந்த நேரத்துல வாக்கிங் போறவங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டாங்க, தண்ணி மேல புகை மாதிரி பனி நிக்கும். டிக்கெட் வாங்கிப் போற இடமா இருந்தா கேட் திறக்கற நேரத்துக்கே போய் நில்லுங்க, முதல் அரை மணி நேரம் உங்களுக்குத்தான்.

அம்மாவுக்குன்னு கேட்டா நான் முதல்ல சொல்றது குறிஞ்சி ஆண்டவர் கோயில். கார் பக்கத்துலயே போயிடும், சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, அங்கேர்ந்து வடக்கே பார்த்தா பழனி ஊரும் மலைக்கோயிலும் தெரியும், வானம் தெளிவா இருந்தாத்தான், அது நம்ம அதிர்ஷ்டம். காலைல சீக்கிரம் போங்க, மதியத்துக்கு மேல போய் வெள்ளைத் துணி விரிச்ச மாதிரி பனிமூட்டத்தைப் பார்த்துட்டு வந்தவங்கதான் நிறைய.

இன்னொண்ணு பூம்பாறை ரோடு. ஊருக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி ரோட்டு ஓரத்துலயே ஒரு இடத்துல நின்னா கீழ ஓட்டு வீடுங்க, அதைச் சுத்திப் படிப்படியா வெட்டின வயல் எல்லாம் மொத்தமாத் தெரியும். இறங்கி நாலு எட்டு வச்சா போதும். சனி ஞாயிறுல இங்கயும் சோளம் சுடற கடை, கார் வரிசைன்னு ஆயிடுது, அதனால செவ்வாய் புதன்ல வர முடியுமான்னு பாருங்க. ஸ்கூல் லீவுல சனிக்கிழமை போயே ஆகணும்னா அமைதியை எதிர்பார்க்காதீங்க, அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.

நாங்க ஆறு பேர், எல்லாரும் ஜிம் பாடி. வட்டக்கானல்ல இருந்து வெள்ளகவி வழியா கும்பக்கரை அருவிக்கு நாங்களே இறங்கலாம்னு பிளான், ரூட் போன்ல டவுன்லோட் பண்ணியாச்சு. அங்க ஒரு பையன் காசு குடுத்தா கூட்டிட்டுப் போறேங்கறான். ஓகேவாண்ணே? – கோயம்புத்தூர் வாசகர்

தம்பி, ஓகே இல்ல. ஜிம் பாடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

2018 மார்ச் 11, போடி பக்கத்துல குரங்கணி. அந்தக் காட்டுத்தீல ட்ரெக்கிங் போனவங்க 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க, உங்க வயசுப் பசங்க பொண்ணுங்கதான். காஞ்ச புல்லுல தீ மேல்நோக்கி ஏறும்போது மனுசன் ஓடற வேகம் அதுக்குப் பத்தாது. அதுக்கப்புறம்தான் அந்த வருசமே தமிழ்நாட்டுல ட்ரெக்கிங்குக்குன்னு தனியா விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆன்லைன் புக்கிங் ஆரம்பிச்சாங்க, மாநிலம் முழுக்க 40 பாதை, கூட வர்றதுக்குப் பயிற்சி குடுத்த உள்ளூர் கைடு. கொடைக்கானல் பக்கம் அந்த லிஸ்ட்ல வட்டக்கானல்–வெள்ளகவியும் இருக்கு, சோலார் அப்சர்வேட்டரி–குண்டாறும் இருக்கு. அப்ப எதுக்கு திருட்டுத்தனமா போகணும்? ரிசர்வ் பாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழைஞ்சா கேஸ்தான், அந்தப் பையன் காசை வாங்கிட்டுக் கழண்டுக்குவான், மாட்டறது நீங்க. தீ சீசன்ல மொத்தமா நிறுத்திடுவாங்க, 2025ல பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் மூடி வச்சிருந்தாங்க, அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க.

பாதையைப் பத்திச் சொல்றேன், ஆசைப்பட்டது தப்பில்ல. வட்டக்கானல்ல இருந்து மரத்து வேரு படிக்கட்டு மாதிரி கிடக்கும், அது வழியா இறங்கினா டால்பின் நோஸ், சின்ன நீட்டுப் பாறை, கீழ அதல பாதாளம். டூரிஸ்ட் கூட்டம் அதோட திரும்பிடும், எக்கோ ராக் வரைக்கும் கொஞ்ச பேரு. அதுக்கும் கீழ போனா வெள்ளகவி. ரோடு வர்றதுக்கு முன்னாடி சமவெளில இருந்து மலைக்கு ஏறின பழைய நடைபாதைங்கள்ல இதுவும் ஒண்ணு, அரிசி மூட்டைல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போறவங்க வரைக்கும் இந்தப் பாதைலதான் தூக்கிட்டுப் போனாங்க. ஊருக்குள்ள கோயில்களுக்கு நடுவுல வீடுங்க, செருப்பு போட மாட்டாங்க, நீங்களும் எல்லையிலயே ஷூவைக் கழட்டிக் கைல எடுத்துக்கணும், யாராவது வந்து சொல்ற வரைக்கும் நிக்காதீங்க.

கும்பக்கரை வரைக்கும் இறங்கணும்னா அது வேற கணக்கு. சுமாரா ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை ஒரே நாள்ல இறங்கறீங்க, மூச்சு வாங்காது, ஆனா முட்டியும் தொடையும் மறுநாள் படிக்கட்டைப் பார்த்தாலே அழும். அனுமதி வெள்ளகவி வரைக்குமா கீழ வரைக்குமான்னு புக் பண்ணும்போதே தெளிவாக் கேட்டுக்கங்க. கீழ போகப் போகக் குளிர் போய் வெயில் அடிக்க ஆரம்பிக்கும், அதனால தண்ணி நிறைய வேணும், ஸ்வெட்டரை நம்பி வந்தா சுமைதான். கும்பக்கரைலயும் மேல மழை பெய்ஞ்சு தண்ணி அதிகமா வந்தா குளிக்க விட மாட்டாங்க, அங்க போய் வாட்ச்மேன்கிட்ட சண்டை போடாதீங்க.

குறிஞ்சிப் பூ பார்க்க எந்த மாசம் வரலாம்? – திருநெல்வேலி வாசகி

2030 வரைக்கும் பொறுமையா இருங்கம்மா. நீலக்குறிஞ்சி 12 வருசத்துக்கு ஒருக்காத்தான், 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு. நடுவுல யாராவது நீலமா எதையாவது காட்டி குறிஞ்சின்னு சொன்னா அது குறிஞ்சியோட சொந்தக்காரச் செடியா இருக்கலாம், அதே குடும்பத்துல நிறைய இருக்கு.

நான் தனியா போற பொண்ணு, கார் இல்ல, பைக்கும் ஓட்ட வராது. பஸ்ஸுலயே போய் ஒரு ரெண்டு நாள் சும்மா நடந்துட்டு வரணும். டாக்ஸி பேக்கேஜ் வேணாம். – சென்னை வாசகி

உங்க லெட்டரைப் பார்த்ததும் சந்தோசமாயிடுச்சும்மா, ஏன்னா கொடைக்கானல்ல கூட்டத்தைத் தாண்டிப் போக நல்ல வண்டியே அரசு பஸ்தான். வண்டில வர்றவங்க ஆன்லைன்ல எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டு, அதான் இ-பாஸ், அந்தத் தலைவலியும் இல்ல, பஸ்ல வர்றவங்களுக்கு அது தேவையே இல்ல.

பஸ் ஸ்டாண்டுல காலைல போய் மன்னவனூர், பூண்டி, கிளாவரை பக்கம் போற பஸ் எப்பன்னு கேளுங்க. எல்லாம் பூம்பாறை வழியாத்தான் போகும். கடைசி நிறுத்தம் கிளாவரை, அதுக்கு மேல ரோடு இல்ல, மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி, திரும்பி வர்ற கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அதை விட்டா என்னன்னு. அதைக் கேட்டுட்டா மீதியெல்லாம் நிம்மதி. போன்ல டவர் நடுவுல நடுவுல காணாமப் போகும், வீட்டுல முன்னாடியே சொல்லிடுங்க.

பூம்பாறை வியூ பாயின்ட்டுல இறங்கி அங்கேர்ந்து ரோட்டு வழியாவே ஊருக்குள்ள நடந்து போங்க, வளைஞ்சு வளைஞ்சு இறங்கற ரோடு, ஒவ்வொரு வளைவுலயும் ஊரு வேற மாதிரித் தெரியும், கார்ல போறவங்க இதை இழந்துடறாங்க. கீழ குழந்தை வேலப்பர் கோயில், மூலவரைப் போகர் செஞ்சதா சொல்லுவாங்க. வயல்ல பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. இந்தப் பூண்டுதான் 2019ல கொடைக்கானல் மலைப்பூண்டுன்னு புவிசார் குறியீடு வாங்கினது, அறுவடை நேரத்துல போனா ஊரே பூண்டு வாசம் அடிக்கும், விவசாயிகிட்டயே நேரா ஒரு கட்டு வாங்கலாம், டவுன் கடைல மலைப்பூண்டுன்னு விக்கறதெல்லாம் மலைப்பூண்டு இல்லங்கறது உங்களுக்கும் தெரியும்.

மறுநாள் மன்னவனூர். டவுன்ல இருந்து 35 கிலோமீட்டர் மாதிரி, ஏரி, அதைச் சுத்திப் பச்சைப் புல்வெளி, மத்திய அரசோட செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம். பரிசல், ஜிப்லைன் எல்லாம் வந்துட்டதால ஏரிக்கரை இப்ப அவ்வளவு அமைதின்னு சொல்ல மாட்டேன், ஆனா வார நாள்ல காலைல ஆளே இருக்காது. அங்கேர்ந்து கவுஞ்சி பக்கம் ரோட்டுலயே நடந்தாலும் போதும், காட்டுக்குள்ள ஒத்தையடிப் பாதை எதுலயும் தனியா இறங்காதீங்க, பொண்ணுங்கறதுக்காகச் சொல்லல, ஆம்பளையா இருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பேன்.

டவுனுக்குள்ளயே நடக்கணும்னா லோயர் ஷோலா ரோடு, அப்சர்வேட்டரி ரோடு ரெண்டும் நல்லாருக்கும், ஒரு பக்கம் சோலை மரம், பாசி படிஞ்ச சுவரு. அப்சர்வேட்டரி 1899ல ஆரம்பிச்சது, சூரியனைப் படிக்கறதுக்குன்னே. சாயங்காலம் வெளிச்சம் குறைஞ்சதும் நடையை நிறுத்திடுங்க, காட்டுமாடு ரோட்டுக்கு வர்ற நேரம் அது. சாதுவா மேயற மாதிரித்தான் இருக்கும், ஒரு டன் எடை இருக்கற மிருகம், அதுக்குக் கோபம் வர்றது நமக்குத் தெரியறதுக்குள்ள வந்துடும். கண்டா நின்னு, மெதுவாப் பின்னாடி நகர்ந்து, வேற வழியாப் போங்க. கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல மட்டும் போயிடாதீங்க.

ரீல்ஸ்ல ஒரு அருவி பார்த்தேன், பேரு போடல, சீக்ரெட் வாட்டர்பால்ஸ் கொடைக்கானல்னு மட்டும் இருந்துச்சு. கண்டுபிடிச்சுச் சொல்லுங்க ப்ளீஸ். – திருச்சி வாசகர்

தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன் தம்பி, கோச்சுக்காதீங்க. இந்த மலைல பேரு இல்லாத அருவிங்க நிறைய, அதுல பாதி ரிசர்வ் பாரஸ்ட், பாதி யாரோட தோட்டத்துக்குள்ளயோ. பாறைல பாசி இருக்கறது வீடியோல தெரியாது, தண்ணிக்கு அடில சுழல் இருக்கறதும் தெரியாது. அஞ்சு வீடு அருவில எத்தனை பேரு போயிட்டாங்கன்னு உள்ளூர்ல யாரைக் கேட்டாலும் முகம் மாறும். அடிபட்டா தூக்கிட்டு வர்றதும் அந்த ஊர்க்காரங்கதான், தொட்டில் கட்டித் தோள்ல சுமந்து. குணா குகையை எதுக்குக் கம்பி போட்டு அடைச்சு வச்சிருக்காங்க? பாறைக்கு நடுவுல அடி தெரியாத பிளவு, மேல இலையும் வேரும் மூடியிருக்கு, தரைன்னு நினைச்சு கால் வச்சா முடிஞ்சுது. அருவிதான் வேணும்னா வத்தலகுண்டு மலைப்பாதைல வெள்ளி நீர்வீழ்ச்சி ரோட்டோரமே 180 அடில விழுது, கூட்டம் இருக்கும், காலைல ஏழு மணிக்குப் போனா இருக்காது.

போட்டோ எடுக்கறவன் நான். எப்பப் போனாலும் வெறும் மூடுபனிதான், ஒரு வியூவும் கிடைக்கல. எந்த மாசம், எந்த நேரம்? – ஈரோடு வாசகர்

சார், மூடுபனிக்கு ஒரு டைம் டேபிள் இருக்கு. கொடைக்கானலோட தெற்கு விளிம்பு நேரா செங்குத்தா பெரியகுளம் சமவெளிக்கு இறங்குது. காலைல வெயில் ஏற ஏற கீழ இருக்கற காத்து சூடாகி ஈரத்தோட பாறையைப் புடிச்சுக்கிட்டு மேல ஏறும், 2,000 மீட்டர் உயரத்துக்கு வந்ததும் குளிர்ந்து மேகமாயிடும். அதான் பத்து பதினொரு மணிக்குப் பில்லர் ராக்ஸ்ல டிக்கெட் வாங்கிட்டு வெள்ளையா எதையோ பார்த்துட்டு நிக்கறோம். ஆறரைல இருந்து ஒம்பதுக்குள்ள வேலையை முடிங்க. மாசம்னா ஜனவரி பிப்ரவரி, வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு காத்து கழுவி விட்ட மாதிரி இருக்கும், பள்ளத்துல உறைபனி விழும், வைகை அணைத் தண்ணி மின்னறது வரைக்கும் தெரியும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் நடு வரைக்கும் நல்ல மழை, மண் சரியும், நான் போகச் சொல்ல மாட்டேன். ஜூன் ஜூலைல சாரலும் மூட்டமும், வியூ கிடைக்காது, ஆனா சோலைக்குள்ள போட்டோ எடுக்கறவனுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது, சாக்ஸுக்கு வெளில உப்போ புகையிலைத் தண்ணியோ தடவிக்கங்க, அட்டை ஏறும்.

சாயங்காலம் கோக்கர்ஸ் வாக் போனீங்கன்னா ஒண்ணு முயற்சி பண்ணலாம். சூரியன் நம்ம முதுகுப் பக்கம் தாழ்வா இருந்து, எதிர்ல பள்ளத்துல மேகம் நிரம்பி இருந்தா நம்ம நிழல் அந்த மேகத்து மேல பெருசா விழும், தலையைச் சுத்தி வானவில் வட்டம். எப்பவும் கிடைக்காது. கிடைச்ச அன்னிக்குப் பக்கத்துல நூறு பேரு நின்னாலும் அவங்கவங்க தலைக்கு மட்டும்தான் வட்டம் தெரியும், பக்கத்து ஆளோடது தெரியாது.

பேரிஜம் ஏரிக்குப் போறதுக்கு என்ன வழி? இ-பாஸ் இல்லாம அடுக்கம் ரோட்டுல ஏறிடலாம்னு பிரெண்டு சொல்றான், உண்மையா? – விருதுநகர் வாசகர்

பிரெண்டை மாத்துங்க. இ-பாஸ் 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுல நடக்குது, எந்த ரோட்டுல வந்தாலும் வேணும், ஆன்லைன்ல அஞ்சு நிமிசம். 2025 கோடைல எண்ணிக்கையும் வச்சாங்க, வார நாள்ல 4,000 வண்டி, வார இறுதில 6,000. அடுக்கம் ரோடு அழகான ரோடுதான், ஆனா குறுகல், மழைக்கு அடிக்கடி சரியும், மலைல ஓட்டிப் பழகாதவங்க அதுல போய் எதிர்ல ஜீப் வந்தா ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம நிக்கறதைப் பார்த்திருக்கேன். தண்ணி பாட்டில் வாங்கி வைக்காதீங்க, 5 லிட்டருக்குக் கம்மியான பிளாஸ்டிக் பாட்டில் அங்க தடை, கண்டா பாட்டிலுக்கு 20 ரூபா வரி. வீட்டுல இருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துட்டுப் போங்க.

பேரிஜத்துக்கு வனத்துறை ஆபீஸ்ல அனுமதி வாங்கணும், வண்டி கணக்கு வச்சுத்தான் விடுவாங்க, அதனால காலைலயே போயிடுங்க. யானை வந்துட்டா மூடிடுவாங்க, எத்தனை நாளுன்னு யானையைத்தான் கேக்கணும். வழில சைலன்ட் வேலி வியூ, மதிகெட்டான் சோலை. அந்த ரோடு ஒரு காலத்துல மூணாறு வரைக்கும் போச்சு, இப்ப பொதுமக்களுக்கு மூடியாச்சு. பெரியகுளம் குடிக்கற தண்ணி பேரிஜம் ஏரித் தண்ணிதான், அதை ஞாபகம் வச்சுக்கிட்டுச் சிப்ஸ் பாக்கெட்டை மடிச்சு பாக்கெட்ல போட்டுக்கங்க.

நான் கொடைக்கானல்லயே பொறந்து வளர்ந்தவன். நீங்க இப்படி எழுதி எழுதித்தான் எங்க ஊரு நாசமாகுது. வட்டக்கானல் பத்து வருசத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா? – பேரு வேண்டாம்

கோபம் நியாயம்தான் சார், பாதி ஒத்துக்கறேன். அதனாலதான் இங்க சொன்ன இடம் எல்லாமே பஸ் போற ரோடு, டிக்கெட் உள்ள இடம், இல்ல கைடு உள்ள பாதை, அதுக்கு வெளில ஒண்ணும் எழுதல, சில ஊரு பேரை வேணும்னே விட்டிருக்கேன். மீதிப் பாதி ஒத்துக்க மாட்டேன். எல்லாரையும் மோயர் பாயின்ட், பில்லர் ராக்ஸ்னு போற அந்த ஒரே பன்னிரண்டு மைல் ரோட்டுலயே விட்டு வச்சா உங்க ஊருக்குத்தான் மூச்சு முட்டும். பஸ்ல வந்து பூம்பாறைல டீ குடிச்சு பூண்டு வாங்கிட்டுப் போற ஒரு ஆளும், பாட்டு போட்டுக்கிட்டு ஜீப்ல ஆஃப்ரோடு போற ஒரு ஆளும் ஒண்ணு இல்ல. வாசகர்களுக்கும் சொல்லிக்கறேன், வயல் வரப்புல கேட்காம இறங்காதீங்க, போட்டோவுக்குக் கேரட் பாத்தியை மிதிக்கறதை நானே பார்த்து வயிறு எரிஞ்சிருக்கேன்.

கொடைக்கானல் டவுனே வேண்டாம், பக்கத்துல தங்கி மலையை மட்டும் பார்க்கற மாதிரி வேற ஊரு இருக்கா? குளிர் அவ்வளவா வேணாம். – திண்டுக்கல் வாசகர்

உங்க ஊருக்குப் பக்கத்துலயே இருக்கு சார், கீழ்ப்பழனி மலை. பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு. வத்தலகுண்டுல இருந்து பட்டிவீரன்பட்டி வழியா ஏறினா ரெண்டு பக்கமும் காபி, மிளகுக்கொடி, ஆரஞ்சு, மலைவாழை. இங்க விளையற விருப்பாச்சி மலைவாழைக்கும் புவிசார் குறியீடு இருக்கு, தார் தாரா ரோட்டோரம் தொங்கும், பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற பழம். தாண்டிக்குடில முருகன் கோயில் இருக்கற உச்சில இருந்து பார்க்கற காட்சிக்கு டிக்கெட்டும் கிடையாது, கியூவும் கிடையாது. பக்கத்துல பெருங்கற்காலக் கல்திட்டைங்க இருக்கு, பலகைக் கல்லை நிறுத்தி மேல மூடி போட்ட மாதிரி, உள்ளூர்ல யாராவது ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனா காட்டுவாங்க, மேல ஏறி மட்டும் உட்காராதீங்க.

ராத்திரி பயணம் வேணாம், தோட்டத்துக்குள்ள யானை நடமாட்டம் உண்டு. புல்லாவெளி அருவியை ரோட்டுல இருந்து நடக்கற பாதைல நின்னு பாருங்க, கம்பியைத் தாண்டாதீங்க. தங்கறதுக்குத் தோட்டத்து வீடுங்க கிடைக்கும், ஆனா மேல சாப்பாட்டுக் கடை கம்மி, முன்னாடியே போன் பண்ணிச் சொல்லி வச்சாத்தான் மதியம் சோறு இருக்கும்.